பிடிச்சுக்க

மாஸ்டர் சிலிண்டர் புதுசு.
முன்சக்கரத்துக் காலிப்பர் ரெண்டும்
உக்கடத்தில் பொறுக்கியது, முக்கால் புதுசு.
பேடு புதுசு, ஹோஸ் புதுசு,
அடகுக்கடைச் சீட்டும் புதுசு.
பெடல் மட்டும்
நனைந்த மெத்தையை மிதித்தது போல
போய்க்கொண்டே இருக்கிறது கீழே.

சத்தியமங்கலம். ராத்திரி பதினொன்றரை.
பொடக்காலியில் ஜாக்கி மேல்
ஒருக்களித்து நிற்கிறது ஆம்னி.
காலை ஆறுக்குப் பண்ணாரி செக்போஸ்ட் திறந்ததும்
நாற்பது கிலோ சம்பங்கியோடு
இருபத்தேழு வளைவும் ஏறியாக வேண்டும்.
ஏறுவதில் ஒன்றுமில்லை,
திரும்ப இறங்க வேண்டுமே.

மூன்று நாளாய் எங்களுக்குள் பேச்சில்லை.
அந்தச் சீட்டு என் வளையலுடையது, அதை விடுங்கள்.
இன்றைக்குப் பேசுகிறோம்,
மொத்தம் மூன்றே வார்த்தை.
வண்டிக்கடியிலிருந்து நவநீதன்: அமுக்கு.
அமுக்குகிறேன்.
பிடிச்சுக்க.
பிடித்துக்கொள்கிறேன்.
ஸ்பேனர் கால்சுற்றுத் திரும்ப
என் பாதம் தரைவரை போகிறது.
அவர் நட்டை இறுக்கிய பிறகுதான்
விடு.

முந்தி விட்டால் போன காற்று திரும்பி வருமாம்.
இதையும் என்னிடம் சொல்லவில்லை,
டார்ச் பிடித்த பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னார்.

பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.
கோகிலா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த
குளுக்கோஸ் டியூப் வழியாக
தேன்நிறத்தில் ஆயில் இறங்குகிறது,
குமிழே இல்லாமல், யோக்கியமாய்.
இரண்டு பாட்டில் காலி.
எங்கும் கசிவில்லை.
பின் டிரம்மில் ஷூவை இறுக்கிப் பார்த்தாயிற்று.
முதல் மிதி பஞ்சு,
இரண்டாவது களி,
மூன்றாவதில்தான் ஏதோ கொஞ்சம் தட்டுப்படுகிறது.
நாலு மூச்சு நிறுத்தி மிதித்தால்
மறுபடி பஞ்சு.

"மாஸ்டரே டூப்ளிகேட்டா இருக்கும்" என்கிறார் பையனிடம்.
கடைக்காரனின் ஏழு தலைமுறையும்
வண்டிக்கடியில் ஒருமுறை வந்துபோகிறது.

மணி ஒன்றே கால்.
கால் மரத்துப்போய்க் கீழே இறங்கினேன்.
அவர் மல்லாந்து, கன்னத்தை மண்ணில் பதித்து
காலிப்பரின் அடிவயிற்றில் நட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கப்பன் காட்டில் சொட்டுநீர் போட்டபோது
மேட்டில் குழாய் அடைத்துக்கொண்டு
நாலு நாள் தண்ணியே ஏறவில்லை.
ஏர் வால்வைப் பள்ளத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்
கம்பெனிக்காரன்.

"ஏனுங்க" என்றேன்.
நாலாவது வார்த்தை.
"காத்து மேலதானுங்க போகும்?
நீங்க கீழ தொறந்து வெச்சுட்டு
அதை வா வான்னா எப்படி வரும்?"

டார்ச் அணைந்ததா, பையன் தூங்கினானா தெரியாது,
வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு கன்னத்து மண்ணோடு வெளியே வந்து
அக்கட்டால் போய்ப் பார்த்தார்,
இக்கட்டால் வந்து பார்த்தார்.
இடத்தை வலத்திலும்
வலத்தை இடத்திலும் மாட்டியிருக்கிறார்.
நிப்பிள் ரெண்டும் தலைகீழாய்
பூமியைப் பார்த்துக்கொண்டு.

"தூ" என்று துப்பினார்.
யார் மேல் என்று கேட்கவில்லை.

கழற்றி மாற்றி மாட்டி
மறுபடி அமுக்கு, பிடிச்சுக்க, விடு.
இந்த முறை வந்தது பாருங்கள்,
பெருங்குமிழ் ஒன்று, பின்னால்
பொடிப்பொடியாய் ஒரு ஊர்வலம்.
இடதில் முடிந்து வலதிலும் முடிந்து,
மூன்றாவது பாட்டிலில் விரற்கடை மிச்சமிருக்க
பெடல் மேலேயே நின்றது,
கல்லை மிதித்தது போல.
செருப்பில்லாத என் உள்ளங்காலில்
ரப்பரின் வரி ஏழு.

"போதுமா பாரு" என்றார், என்னைப் பார்த்து.
"போதும்."

பூ இறக்கிக் காசு வாங்கித் திரும்புகையில்
பதினாறாம் வளைவில் எதிரே ஒரு கரும்பு லாரி.
மிதித்தார். நின்றது.
பக்கத்து சீட்டில்
பெடலே இல்லாத இடத்தில்
என் காலும்
தகரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.
லாரி போய்விட்டது.
விடு என்று அவர் இன்னும் சொல்லவில்லை.