இரண்டு இருக்கைக் காசு

தெப்ரே தாபோரிலிருந்து வரும் கடைசிப் பேருந்து
பஹிர் தார் நிலையத்துக்குள் நுழையும்போது
ஏரிமேல் இருட்டு பாதி இறங்கியிருக்கும்.
இறங்கும் முகங்களை நான் பார்ப்பதில்லை.
எல்லோரும் போன பின்னும்
இறங்காமல் இருப்பவளுக்காக நிற்கிறேன்.

இன்று வந்தவள் ஸினாஷ்.
பதினேழு இருக்கலாம்.
பிளாஸ்டிக் தாளை நாலாய் மடித்து
அதன்மேல் தன்னையும் நாலாய் மடித்து
கடைசி வரிசையில் இருந்தாள்.

ஜன்னலைப் பார்த்தபடி நடத்துநர் சொன்னான்:
பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை,
அதனால் இரண்டு இருக்கைக் காசு.
கை நீட்டினேன். ஒன்றைத் திருப்பிக் கொடு.
மாதம் இருமுறையாவது
இந்தச் சண்டை எங்களுக்குள் நடக்கும்.
முனகிக்கொண்டே எண்ணி வைத்தான்.
கசங்கிய நோட்டுகள். அவள் கைக்குள் வைத்து மூடினேன்.

பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்,
தோளோடு தோள்,
வண்டியின் விளக்கு அணைந்த பிறகும்.
அந்த நாற்றம் எனக்குப் புதிதல்ல.
ஏழு வருடம் அது என் நிழல்;
நிழலாவது இரவில் விட்டுப் போகும்.

மூன்று பகல், மூன்று இரவு வலி.
கழியில் கட்டிய கட்டிலில்
மலையிறக்கிக் கொண்டுவந்தார்கள்.
பிள்ளை வரும்போதே நீலம்.
அவனுக்கு வைத்திருந்த பெயரை
யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன்.
அப்புறம் உடம்பு ஒழுகத் தொடங்கியது,
மழையே இல்லாமல் ஒழுகும் கூரைபோல.

கணவன் கெட்டவனில்லை. கொல்லையில் குடிசை போட்டுத் தந்தான்.
அடுத்த தெஃப் அறுப்புக்குள் வேறொருத்தி வந்தாள்.
வாசலில் இஞ்சேரா வைத்துவிட்டுப் போவாள்,
மூக்கைப் பொத்தாமல்.
அந்த ஒன்றுக்காக
இன்றும் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்கிறேன்.

கோவிலுக்குள் போகத் தகாதவள் நான்.
காட்டு ஒலிவ மரத்தடியில், மதில் கல்லில்
நெற்றி வைத்து நிற்பேன்.
உள்ளே முரசு. உள்ளே தூபம்.
மரியாம், நீயும் பெற்றவள்தானே என்பேன்.
கல் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.
மறுநாளும் போவேன்.
எனக்குத் தெரிந்த விசுவாசம் அந்த மறுநாள்தான்.

பிறகு இந்த ஆஸ்பத்திரி. தையல். பதினான்கு நாள்.
ஒரு விடியலில் விரிப்பு காய்ந்திருந்தது.
தடவித் தடவிப் பார்த்தேன்.
காய்ந்த துணியைத் தொட்டு அழுதவள்
உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.
அந்த வார்டிலேயே பதினாறு பேர்.

இப்போது அங்கேதான் வேலை,
விரிப்புகள் துவைப்பது.
பேருந்து நிலையம் வேலையில் சேராது.

இதற்காகத்தான் ஆண்டவர்
உன்னை வருத்தினார், யெஷிமெபெத்,
என்றார் ஒரு பாதிரியார், அன்போடுதான்.
இல்லை அய்யா, என்றேன்.
ஒரு பிள்ளையைக் கொடுத்து
ஒரு துணி வெளுப்பவளை வாங்கும் அளவுக்கு
அவர் ஏழையில்லை.
நடந்தது வீண்.
வீணாய்ப் போனதை நான் வீசிவிடவில்லை,
அதற்கு அவர் துணை இருந்தார்.
பாதிரியார் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

கோவிலுக்குள் போக இப்போது தடையில்லை.
போனேன், ஒரு ஞாயிறு. சுவரெல்லாம் சம்மனசுகள்,
அகன்ற கண்கள்.
பாதியில் வெளியே வந்துவிட்டேன்.
மதிலோரம் நிற்பவளுக்குப் பக்கத்தில்
எப்போதும் ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது.

ஸினாஷ் வாய் திறக்க நேரமாயிற்று.
நீங்கள் எந்த ஊர் போகவேண்டும், என்றாள்.
என்னையும் பயணி என்று நினைத்துவிட்டாள்.
இறங்கத்தான் ஏறினேன், என்றேன்.

என் வெள்ளை நெதெலாவை
அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டும்போது
விலகினாள்:
ஈரமாகிவிடும்.

ஆகட்டும்.
ஏரிக்காற்று நல்ல காற்று.
காலைக்குள் காய்ந்துவிடும்.