பொடி வைத்து

சிவதாபுரத்தில், கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில்,
இரண்டு பெடல்களை ஒரே பலகையில் வைத்தோம்.
இரண்டிலும் வால்வு.
அப்படித்தான் சொல்லி விற்றார்கள், ஒன்றை.

அது பெங்களூரிலிருந்து பழையதாக வந்தது. நீலம்.
முகப்பில் கண்ணாடி ஜன்னல், உள்ளே ஆரஞ்சு வெளிச்சம்,
ஏசுபாதம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் மாதிரி.
ஒன்பது வோல்ட் பேட்டரி போதும்.

மற்றது சென்றாயன் கட்டியது,
விசைத்தறி மோட்டார் பார்க்கிற கை.
மூடியில் நாலு திருகு, ஒன்று வேறு சைஸ்.
உள்ளே இருநூற்றைம்பது வோல்ட் ஓடுகிறது.
மேலே மார்க்கரில் எச்சரிக்கை எழுதியிருக்கிறான்,
கால் விட்டுப்போய், ‘தொடதே’ என்று.

அதே கிட்டார். அதே கேபிள். அதே ஈ மைனர்.

நீலம்
தடவினாலும் கரகரத்தது, அடித்தாலும் கரகரத்தது;
எழவு வீட்டிலும் சீர் வீட்டிலும்
ஒரே குரலில் பேசுகிற ஆள்.

சென்றாயனின் பெட்டி சூடேற நாற்பது விநாடி.
அதுவரை வாய் திறக்காது.
பிறகு
விரல் நுனிக்குப் பச்சைத் தண்ணீர்.
பிக்கை அழுத்தினால்
சொல்லின் ஓரத்தில் மட்டும்
ஒரு சிட்டிகைப் பொடி.

பகலெல்லாம் நான் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவன்.
வளையமும் வளையமும் சந்திக்கிற இடத்தில்
குறைந்தால் பிடிக்காது, கூடினால் கட்டி தட்டும்.
பொடி உருகி ஓடும் அந்தக் கண்சிமிட்டலை
எனக்குத் தெரியும்.
அதைக் காதால் கேட்டது அன்றுதான்.

“உன் நீலத்தைக் கழற்றேன்” என்றான் சென்றாயன்.
கழற்றினோம். வால்வைப் பிடுங்கினான்.
“இப்ப வாசி.”

வாசித்தேன்.
அதே கரகரப்பு. ஒரு மயிரிழை மாறவில்லை.
வால்வு இருந்த குழிக்கு அடியில்
துவரம்பருப்பு அளவில் ஒரு எல்.இ.டி.
ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது.

மூன்று பேரும் சிரித்தோம்.
ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஞாபகம் வந்ததும்
நான் மட்டும் நிறுத்தினேன்.

பிடுங்கிய வால்வு என் உள்ளங்கையில்.
உச்சியில் ஒரு பூச்சு, கண்ணாடிக்கு உட்பக்கம்,
பார்வைக்கு அசல் வெள்ளி.
மிச்சக் காற்றை அது தின்றுகொண்டே இருக்குமாம்;
ஒருநாள் பால்போல வெளுத்தால்
வெளிக்காற்று நுழைந்துவிட்டதாம்.
உரைகல்லுக்கு எட்டாத வெள்ளியை
நான் பார்த்ததேயில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை ஏற்காடு.
காப்பித் தோட்டக்காரர்களின் விருந்து, ஏரிக்கரை ஹோட்டல்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
சென்றாயனின் பெட்டி துண்டு சுற்றி என் மடியில்.
நீலம், சும்மா இருக்கட்டுமென்று, டிக்கியில்.

இரண்டாவது பாட்டில் மூடுபனி இறங்கியது,
கூடவே மின்சாரமும் இறங்கியது.
நூற்றறுபது என்றது ஹோட்டல்காரரின் மீட்டர்.
ஸ்பீக்கருக்கு மட்டும் இன்வர்ட்டர்,
வேறெதையும் அதில் செருகக் கூடாது, என்றார்.
பெட்டிக்குள் சிவப்பு மங்கியது.
ஒலி முதலில் கம்மியது,
பிறகு எங்கோ தூரத்தில் தும்மியது,
பிறகு இல்லை.

டிக்கியைத் திறந்தோம்.

மூன்று மணி நேரம் நீலம்தான் வாசித்தது.
ஆடினார்கள். ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.
பன்றிக்கறி வறுவல் தட்டோடு வந்த ஒருவர்
குனிந்து, பனி படர்ந்த அந்த ஜன்னலைப் பார்த்து
“அடடா, வால்வு வால்வுதான் தம்பி” என்றார்.

ஏசுபாதம் கீபோர்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“ஆமாங்க. எப்பவும் என்கூடவே இருக்கும்” என்றேன்
சட்டைப்பையைத் தொட்டபடி.
பொடி வைத்தது அவருக்குக் கேட்கவில்லை.

அந்த விரல்களுக்குக் கேட்டிருந்தது, இரவு முழுக்க:
எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும்
தண்ணீர் வரவேயில்லை.

திங்கட்கிழமை சென்றாயன்
மூடியில் இன்னொரு வரி எழுதினான்:
‘இருநூறுக்குக் கீழே வேலை செய்யாது.’
இந்த முறை எல்லாக் கால்களும் இருந்தன.