பன்னிரண்டு மணிக்குத் திரும்பும் காற்று

அதிகாலை மூன்றே முக்கால்.
முதல் மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது.
மாவு அப்பிய கட்டைவிரலை
என்னுடையது என்று நம்ப மறுக்கிறது கைபேசி.
ஏப்ரனில் துடைத்து மறுபடி வைக்கிறேன்.
திறக்கிறது வளைகுடா.

காற்றைத்தான் முதலில் பார்ப்பேன்.
வடக்கிலிருந்து எட்டுக் கடல்மைல் வேகம்.
பாலைவனத்து மூச்சு.
ஈக்களைக் கூட்டிவரும், அலையைப் படுக்கவைக்கும்.
நண்பகலில் திரும்புமாம்:
தென்மேற்கு, இருபத்தைந்து, வீச்சில் முப்பது.
தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றழைத்த மொழி
தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்தக் கரையில்
ஒரு பிற்பகல்கூட நின்றதில்லை.
இங்கே தெற்கு என்றால் பனிக்கட்டி.

அலை அரை மீட்டர்தான்.
இடைவெளி பதினான்கு வினாடி.
உயரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள்
அந்தப் பதினான்கைப் பார்ப்பதில்லை.
அவ்வளவு நிதானமாக மூச்சு வாங்கி வருவது
எங்கோ தொலைவில் யாரையோ
அடித்துவிட்டு வருகிறது.

ஏற்றவற்றம்: இல்லை.
பிழையல்ல. இந்த வளைகுடாவில்
பதினைந்து நாளுக்கொருமுறை
நிலவும் சூரியனும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள
மிச்சம் ஏறக்குறைய சுழியாகும்.
டாட்ஜ் என்போம், கடல் வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் நாள்.
பாலத்துத் தூணில் ஈரக்கோடு
காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில்.
நீர் தெளிந்து
கடற்புல் இழை இழையாகத் தெரியும்.
கணவாய்க்கு அது பிடிக்கும்.

நாலே காலுக்குக் கெரன்சா நான்கிவெல்லிடமிருந்து செய்தி:
"கண்ணாடி மாதிரி இருக்கு. வா."
கோதுமை லாரி ஓட்டுபவள்.
அவளுடைய வானிலை நிலையம் சமையலறை ஜன்னல்.
நான் எண்களை அனுப்பினேன்.
அவள் ஒரு கணவாயின் படம் அனுப்பினாள்,
பழைய படம்,
கன்னத்தில் மை.

போன அக்டோபரிலும் வானம் இப்படித்தான் நீலம்.
வாளியில் பதினொரு கணவாய்,
மேலே துண்டு, துண்டுக்குள் சாவிக்கொத்து.
அலை முன்னால் வரும் என்று
முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது பலகை இடுக்கு வழியாகக்
காலடியிலிருந்து எழுந்தது.
வாளி போயிற்று, ஒரு செருப்பும்.
காரைப் பூட்டியபடியே விட்டுவிட்டு
நாலு கிலோமீட்டர் நடந்தேன்.
காரின் மாற்றுச் சாவி வீட்டில் இருந்தது,
வீட்டுச் சாவி வாளியில்.

ஏழரை மணிக்கு, கடைசி ரொட்டி வெந்ததும், போனேன்.
பாலத்தின் நுனியில் ஒன்பது பேர்,
நடுவே கெரன்சா, மடக்கு நாற்காலியில் மகாராணி.
கடல்? நேற்று வைத்த கஞ்சிபோல்
ஆடை படிந்து கிடந்தது.
பதினொன்றே காலுக்கு என் கைபேசி அலறியது.
தூண்டிலைச் சுருட்டினேன்.
"ரொட்டிக்காரர் காற்றைக் கண்டுவிட்டார்!"
யாரோ உள்ளங்கையை உயர்த்திப் பார்த்தான்.
ஒரு மயிரும் அசையவில்லை.

பன்னிரண்டு. ஒன்றும் இல்லை.
ஒரு மணி. தபால் நிலையக் கொடி
ஈரத்துணியாய்த் தொங்கியது.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
அதையே பார்த்துக்கொண்டு
தவறான சில்லறை கொடுத்தேன் இரண்டு பேருக்கு.
வரட்டும் என்று வேண்டிக்கொண்டேனா?
கொஞ்சம். ஆமாம்.

இரண்டு இருபதுக்குக் கொடி ஒருமுறை தூக்கிப் பார்த்து,
விழுந்து,
வேறு பக்கமாக எழுந்தது.
கதவு தானே அடித்துக்கொண்டது.
அதற்குப் பின்னாலேயே கெரன்சா,
நனையாமல்.
"பிடரியில் சில்லென்றது. கிளம்பிவிட்டேன்.
உன் பன்னிரண்டு மணி இப்போதுதான் வந்திருக்கிறது."
மற்றவர்களும்?
"ஓடி வந்துகொண்டிருக்கிறார்கள். தொப்பி மட்டும் மூன்று போச்சு."

எத்தனை என்றேன். பதினான்கு என்றாள்.
எனக்கு ஆறு.
ரொட்டியைக் காகிதத்தில் சுற்றும்போது
கழித்துப் பார்த்தேன்: எட்டுக் கணவாய்.
அதுதான் நான் கட்டும் கட்டணம்.
அவளும் அதைக் கணக்கிட்டிருக்க வேண்டும்,
சிரித்தாள்.
நானும் சிரித்தேன்,
இடது கையால்
பையில் சாவி இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டே.