ஏழாம் எண் பெட்டி

சரப்பிக்கீ ஆற்றின் மேல்கரையில்
தகரக் கூரை போட்ட பாம்புப் பூங்காவில்
நுழைவுச்சீட்டு கிழிப்பவள் நான்.
மழை மாதங்களில் கூட்டம் வராது.
வந்தால் அது மழைக்கு ஒதுங்கிய கூட்டம்,
பாம்பைவிடக் கூரையை அதிகம் பார்க்கும்.

அன்று காலை பள்ளிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்.
பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
இந்தப் படை
கண்ணாடியில் மூக்கை நசுக்கி
மூச்சால் புகை பூசி
அதில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனது.
கீனர், ஜெய்லின், மறுபடியும் கீனர்.
நான் துணியும் வாளியுமாய்
கீனரை அழித்துக்கொண்டிருந்தபோது
அவர் வந்தார்.

ரப்பர் பூட்ஸ்.
எண்ணெய்ப் பனைத் தோட்டத்தின் முத்திரை போட்ட சட்டை.
சில்லறையை இடக்கையால் எண்ணினார்.
பதிவேட்டிலும் இடக்கையால்தான்,
எர்மெனெஹில்டோ என்ற நீளமான பெயர்
கோட்டைவிட்டுச் சரிந்து இறங்கியது.
வலக்கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது
விருந்தாளி முன்னால் வர மறுக்கும் பிள்ளை மாதிரி.

கிழட்டு இகுவானா ஒன்று தலையாட்டித் தலையாட்டி
எதற்கோ சம்மதித்துக்கொண்டிருந்தது. நிற்கவில்லை.
தண்ணீர்மேல் ஓடும் பல்லி
அன்றைக்கு ஓட மாட்டேனென்றது.
அதையும் கடந்தார்.
ஏழாம் எண் பெட்டியில் நின்றார்.

டெர்சியோபெலோ.
எங்கள் பேச்சில் வெல்வெட் என்று அர்த்தம்.
யாரோ ஒருவர் தொட்டுப் பார்த்து
பிழைத்தும் கிடந்து
பெயர் வைத்திருக்க வேண்டும்.
பெண் பாம்பு. இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு.
சருகோடு சருகாய்க் கிடக்கும்,
கண் பழகும்வரை பெட்டி காலிதான்.
அவருக்குப் பழக நேரமாகவில்லை.

"பதினோரு வருஷம்" என்றார்.
என்னிடமா, அதனிடமா, தெரியவில்லை.

கடிபட்டவர்கள் வருவதுண்டு.
சிலர் கண்ணாடியில் குத்துவார்கள்.
ஒருவர் துப்பினார்.
அவர்களுக்கென்று மனப்பாடமாய் ஒரு பேச்சு வைத்திருக்கிறேன்.
வாயெடுக்கும் முன்னே அவரே சொன்னார்:
"இதன்மேல் ஒன்றுமில்லை.
நான் மிதித்தேன், அது கடித்தது.
அந்தக் கணக்கு அன்றைக்கே நேர்."

பிறகு கேட்டார்,
"குதிரைகளை எங்கே கட்டியிருக்கிறீர்கள்?"

குதிரையா?

"மருந்து குதிரை ரத்தத்திலிருந்து என்றாள் நர்ஸ்.
பாம்பு இங்கே. அப்படியானால் குதிரையும்
இங்கேதானே."

இல்லை என்றேன்.
தலைநகர்ப் பக்கம், மேட்டில், ஒரு பண்ணை.
விஷத்தைத் துளித்துளியாய் ஏற்றுவார்கள்,
குதிரையின் உடம்பு மெல்ல மெல்ல எதிர்க்கக் கற்கும்,
கற்றதை ரத்தத்தோடு எடுத்துக் குப்பியில் அடைப்பார்கள்.

"எனக்குப் பத்துக் குப்பி.
எந்தக் குதிரை?"

பல குதிரைகள் கலந்திருக்கும்.

"ஒரு குதிரை எத்தனை வருஷம் இருக்கும்?"

இருபத்தைந்து இருக்கலாம், எனக்குச் சரியாகத் தெரியாது.

இப்போதுதான் வலக்கை வெளியே வந்தது.
மூன்று விரல்.
மூன்றுக்குள்ளும் வாழையிலைப் பொட்டலம் ஒன்று,
வியர்வையில் இளகிய வெல்லம்.
அதை இடக்கைக்கு மாற்றிவிட்டு
காலியான கையைக் கண்ணாடியில் ஊன்றி எண்ணினார்.
விரல் போதாமல்
விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

"ஒன்றாவது இருக்கும்" என்றார்.

சீட்டின் பின்பக்கம் பஸ் விவரம் எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு இடத்தில் மாற வேண்டும்.
உள்ளே விடுவார்களா என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
மழையில் இறங்கினார்.
தொப்பியைக் கழற்றிப்
பொட்டலத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு.

ஏழாம் பெட்டியின் கண்ணாடி லேசில் துடைபடவில்லை.
பிசுபிசுப்பு.
மறுநாள் காலை
ஓரச் சட்டத்திலிருந்து எறும்புகள் ஒரு வரிசையாய் ஏறி
மூன்று கிளையாய்ப் பிரிந்தன.

அந்தப் பக்கம், நாக்கை நீட்டி
அவள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.