ஆறாம் நம்பர், இடது

உப்புவெளியில் இறங்கிய முதல் நாளே
கடல் என் இடது செருப்பைக் கொண்டுபோனது.
அலை ஒன்றும் பெரிதில்லை.
ஏதோ வித்தை காட்டியதுபோல்
மகள் லோகிதா கைதட்டினாள்.

நாலு நாள் லீவு, அதில் ஒன்று போயா.
ஹட்டனிலிருந்து எட்டு மணிநேரம்
மடியில் பையோடு வந்தவள் நான்.
மிஞ்சியதை எறிய மனம் வரவில்லை.
பொலித்தீன் பைக்குள் அதைப் போட்டு
வெறுங்காலோடு ஆட்டோவில் ஏறினேன்.

பதினொரு மணி.
மத்திய வீதித் தார்
தோசைக்கல்லாய்க் கிடந்தது.
குடைக்குக் குடை, நிழலுக்கு நிழல்
தாவித் தாவிப் போனேன்.
அப்படித்தான் சந்தையைப் பார்த்தேன்:
நிழல் இருந்த இடத்தில் நின்றேன்,
நின்ற இடத்திலெல்லாம் எதையோ வாங்கினேன்.

கருவாட்டுக்காரியின் குடையடியில்
கட்டாக் கருவாடு கால் கிலோ.
ஒரு கிழமையாய் மீனில்லையென்று கடலைத் திட்டினாள்,
திட்டிக்கொண்டே தராசை
என் பக்கம் கொஞ்சம் சாய விட்டாள்.
மாங்காய் அச்சாறு விற்ற பையனின் நிழல்
ஒராளுக்குத்தான் காணும்.
அவன் எழும்பி இடம் தந்த அவசரத்தில்
மிளகாய்த்தூள் கூடிப்போனது.
பிளாஸ்டிக் சாமான் தார்ப்பாயின் கீழே
இரண்டு சல்லடை.
ஏன் இரண்டு?
தெரியாது. நிழல் நீளமாக இருந்தது.

பேரம் பேச வாய் வரவில்லை.
சுடுகிற காலைக் கண்டதும்
விலை நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மான்
ஊர் ஆள் போல நின்று
காட்போட் பெட்டி தின்றுகொண்டிருந்தது.
அதன் குளம்புகளைப் பார்த்தேன்,
பொறாமையோடு.

நிஸ்தார் நானாவின் கடை
இரண்டு பலகையும் ஒரு குடையும்.
ஆறாம் நம்பரில் ஒரு சோடி என்றேன்.
அவர் என் பைக்குள் எட்டிப் பார்த்தார்.
“வலது இரிக்கே. என்னத்துக்குத் தங்கச்சி சோடி?”

பலகைக்கடியிலிருந்து
உரச்சாக்கு ஒன்றை இழுத்து அவிழ்த்தார்.
எல்லாம் இடது.
எல்லாம் ஆறு.
நீலம், மண்ணிறம், பூப்போட்டது,
விலைத்துண்டு இன்னும் கழற்றாதது.

“மூதூர்ல இருந்து ஒராள் வருவாங்க.
வலதுதான் வேணும்.
சோடிக் காசைத் தந்துட்டு
இடத விட்டுட்டுப் போவாங்க.
கிடக்கட்டும் நானா, ஆருக்கும் உதவும் எண்டு.”

எத்தனை வருசமாக என்று கேட்கவில்லை.
சாக்கின் வயிறு தெரிந்தது.
“என்ட கடல் கொண்டுபோச்சு” என்றேன்,
அவர் கேட்காமலே.
சொல்லி முடிக்குமுன்
வாய் கூசிப்போனது.

நீலம் ஒன்று பொருந்தியது.
காசை நீட்டினேன்.
“இதுக்குக் காசு எடுத்திட்டன் அல்லவா” என்றவர்
வேறொருவரின் மிச்சக் காசை எண்ணத் திரும்பிவிட்டார்.

வலது மண்ணிறம், இடது நீலம்.
வந்த வழியே
வெயிலுக்கு நடுவால் நடந்தேன்.
எங்கும் நிற்கவில்லை, எதையும் வாங்கவில்லை.
கருவாட்டுக்காரி என் காலைப் பார்த்தாள்.
“நிஸ்தாரிட்டயா?” என்றாள்,
வேறொன்றும் கேட்கவில்லை.
எனக்குத்தான் கேட்கவேண்டி இருந்தது,
அந்த ஆள் எந்தக் கிழமை வருவாங்க என்று.
அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

பின்னேரம் கடற்கரையில்
செருப்பிரண்டையும் கழற்றி
அலை எட்டாத மேட்டில் வைத்தேன்.
இடதின் மேல் பாரத்துக்கு
கருவாட்டுப் பையை வைத்தேன்.
காகம் ஒன்று வந்தது.
பிறகு இரண்டு.
நான் காவலுக்கு உட்கார்ந்தேன்.
முழங்கால் தண்ணீரில் நின்று லோகிதா
வா வா என்று
கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.