வாபஸ்

கம்பெனி முத்திரையை என் மேசையில் வைத்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டாள் கலியுன்.
மார்ச் மாதம். உலான்பாத்தரின் நிலக்கரிப் புகை
கண்ணாடிக்கு வெளியே
ஆறின பாலைப்போல ஆடை கட்டி நின்றது.
"இனிமேல் தண்ணீர் உன் பாடு, பில்கூன்" என்றாள்.

ஆறு வருடம் முன்பு
என்னிடம் ஒரு பழைய பிரியஸ்,
அவளிடம் நாற்பது பிளாஸ்டிக் கேன்.
குழாய் ஏறாத மேட்டுக் கூடாரங்களுக்குப்
போனில் கேட்டால் தண்ணீர்.
முப்பது நிமிடத்தில் வராவிட்டால்
காசு வாபஸ்.

அந்தக் கடைசி வரி வேண்டாம் என்று மன்றாடினேன்.
முதல் குளிர்காலம், மைனஸ் முப்பத்தைந்து.
கேன்கள் வழியிலேயே கல்லாயின.
வாபஸ் கொடுத்துக் கொடுத்து
பிரியஸையும் விற்றோம்.
அவள் வரியை அழிக்கவில்லை.
ஆட்டுரோமக் கம்பளத்தை வெட்டி
ஒவ்வொரு கேனுக்கும் சட்டை தைத்தாள்.

இப்போது மின்கம்பத்துக்கு மின்கம்பம் அவள் முகம்.
படம் பிடித்தவன்
கன்னத்துப் பனிவெடிப்பைத் துடைத்துவிட்டான்.
மேட்டு ஜனங்களுக்கு
அந்த வெடிப்புதான் அடையாளம்.

பெரிய கட்சி ஒன்று
பட்டியலில் பதினேழாம் இடம் தருவதாகச் சொல்லி
கேக் அனுப்பியது.
கேக்கைத் தின்றோம்.
பதில் போடவில்லை.

"தண்ணீருக்கு வரி போட
நம்ம முதலாளியே போகிறாள்" என்று
டிரைவர்கள் சிரித்தார்கள்.
சிரித்துவிட்டு, ஆளுக்கு இருபது கையெழுத்து
வாங்கி வந்தார்கள்.

தொகுதி தெற்கே, அவள் பிறந்த கோபியில்.
மே மாதத்தில் நான்தான் வண்டி ஓட்டினேன்.
துல்மாவுக்கு அவள் வயதே இருக்கும்.
பனி புல்லைப் பூட்டிய அந்தக் குளிரில்
நானூறு உருப்படியில்
மிஞ்சியது முப்பத்தொன்று.
கூடாரத்துக்குப் பின்னால் தோல்கள்,
வாங்க ஆளில்லாமல்.
உப்புப் போட்ட பால்தேநீரை
இரண்டு கையாலும் நீட்டினாள்.

கலியுன் பேசினாள்.
தீவனக் கிடங்கு. கால்நடைக் காப்பீடு. கிணறு.
முதலீட்டாளர்களிடம் பேசும் அதே குரல்,
வரைபடம் மட்டும்தான் இல்லை.
துல்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.
அடுப்புக்குப் பின்னால், புகையேறிய காலண்டரில்
நாலு வருடத்துக்கு முந்தைய வேட்பாளர்
கிணற்றுப் பக்கம் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்.
காலண்டரில் மட்டும் இருக்கும் கிணறு.

"நகரத்தில் தண்ணீர் லேட்டானால்
காசு திருப்பித் தருவீர்களாமே.
என் தம்பி சொன்னான்.
சரி, ஓட்டுப் போடுகிறேன்.
கிணறு வரவில்லை.
எனக்கு என்ன வாபஸ்?"

கேலியில்லை. விலை விசாரிக்கிற குரல்.
வெளியே நாய் ஒன்று
எதையோ பார்த்துக் குரைத்து, அலுத்து, நிறுத்தியது.
கலியுன் கிண்ணத்தின் அடியில்
எதையும் காணவில்லை.

எண்பது கிலோமீட்டர் வரை பேச்சில்லை.
பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பியபடி:
"மனு வாபஸ் வாங்கக் கடைசி நாள் என்றைக்கு?"
"புதன். சாயங்காலம் ஐந்து மணி."
மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.
மனசுக்குள், சொன்னால் என்ன,
கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.
முத்திரை கனக்கிறது எனக்கு.

புதன், நாலரை மணி. போன்.
"துல்மா வீட்டிலிருந்து
அடுத்த கிணறு எத்தனை தூரம்?
மீட்டரில் பார்த்திருப்பாயே."
"பதினெட்டு கிலோமீட்டர்."
வைத்துவிட்டாள்.
ஐந்து அடித்தது. ஐந்தரையும் ஆனது.
நான் விளக்கைப் போட்டேன்.

நேற்று அச்சகத்திலிருந்து புது நோட்டீசின் மாதிரி வந்தது.
பனிவெடிப்பு கன்னத்துக்குத் திரும்பியிருந்தது.
எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி:
'நாலு வருடத்தில் கிணறு வராவிட்டால்'
அதற்குமேல் ஒன்றுமில்லை.

"வாக்கியம் முடியலையே, விட்டுப்போச்சா?"
என்று கேட்கிறான் அச்சகத்துக்காரன்.

அவளுக்குப் போன் போட்டேன்,
எடுக்கவில்லை. எந்த மேட்டில் நிற்கிறாளோ.
"அப்படியே அடி" என்றேன்.
"கீழே இடம் விடு.
கையால் எழுதுகிற அளவுக்கு."