ஆறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்

ஆன்சன் ரோடு, பதினோராம் மாடி, இரவு இரண்டு.
பிளாஸ்டிக் உறையில் கோப்பி ஓ கோசோங்
இழுப்பறைப் பிடியில் தொங்கி ஆறிக்கொண்டிருக்கிறது.
டக்காரில் மாலை ஆறு. இன்னும் வெளிச்சம் இருக்கும்.

ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து
கப்பலைவிட்டு இறங்கிவிட்டார் சாலே மக்காமே,
எந்திர அறையில் எண்ணெய் போடுகிறவர்.
வீடு தார் எஸ் சலாம்.
கொண்டுபோய்ச் சேர்க்கும் டிக்கெட் என் பொறுப்பு.

நேர்கோடு போட்டால் ஆறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
அப்படியொரு விமானம் இருந்தால் எட்டரை மணி நேரம்.
இல்லை.
திரை தருவது இஸ்தான்புல் வழி:
வடக்கே ஏறிக் கண்டத்தைவிட்டே வெளியேறி
ஏதோ ஒரு பெஞ்சில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து
மறுபடி தெற்கே இறங்கவேண்டும்.
மொத்தம் இருபத்தாறு. மலிவு.
சரியா, என்கிறேன்.

தொலைபேசியில் ஒரு லாரி பின்னோக்கி நகரும் சத்தம்.
அவர் நேரத்தைக் கேட்கவில்லை.
"கீழே என்ன வரும்?"
கடல், என்றேன். அப்புறம் இருட்டு.

"கடல் வேண்டாம் சிஸ்டர்.
பதினேழு வருஷம். டர்பன், லுவாண்டா, லாகோஸ், மொம்பாசா,
சூடான கஞ்சியை ஓரமாகவே நக்குகிறவன் மாதிரி
சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.
நடுவை நான் பார்த்ததே இல்லை."

சுவரில் ஒரு கப்பல் கம்பெனி கொடுத்த உலகப்படம்,
துறைமுகங்களுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி.
யுஸ்னிசாவின் அடிக்கோலை வாங்கி வைத்துப் பார்த்தேன்.
இந்த முனையில் ஒரு புள்ளி, அந்த முனையில் ஒரு புள்ளி.
கோலுக்கு அடியில்
எதுவுமே இல்லை, மஞ்சள் நிறம், பிறகு பச்சை.

மூன்றாம் பக்கத்தின் கடைசியில் கிடைத்தது.
பமாக்கோ, அடிஸ் அபாபா, தார்.
கரையைத் தாண்டாத வழி, பாதி பகலில்.
நூற்று நாற்பது வெள்ளி கூடுதல்.
கூடுதலுக்குக் காரணம் கேட்கிற பெட்டியைத் திறந்தேன்:
நோய், மரணம், விசா, வேலைநிறுத்தம், வானிலை.
நடுவைப் பார்க்கவேண்டுமாம் என்பதற்கு எண் கிடையாது.
வானிலை என்று அழுத்தினேன்.
திரு. இங் கேட்டால் கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை, ஜோகூர்ப் பாலம்.
ஒரு கிலோமீட்டர்தான்.
ஒன்றேமுக்கால் மணி நேரமாக பஸ் நிற்கிறது.
தங்கை மகனுக்குப் பிறந்தநாள். மடியில் கேக்,
பெட்டியின் ஒரு மூலை ஈரமாகிவிட்டது.
அப்போது வந்தது அவருடைய செய்தி.

"முக்கால்வாசி மேகம்.
ஓரிடத்தில் மட்டும் கிழிசல். ஆறு ஒன்று, பழுப்பு.
கரையில் வெள்ளையாக ஏதோ, துணியா மணலா தெரியவில்லை.
அந்த ஆற்றுக்குப் பெயர் என்ன?"

எனக்குத் தெரியாது.
கைப்பேசியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
எத்தனையோ நூறு தடவை கடந்த தண்ணீர்,
குழாய்களுக்கு அந்தப் பக்கம்
என்ன நிறம் என்று எட்டிப் பார்ப்பதற்குள்
பஸ் ஓர் அடி நகர்ந்தது.
கேக்கைப் பிடித்துக்கொண்டேன்.